மக்கள் பாவலர் அண்ணாபாவ் சாட்டே

ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்து வாழ நிலம் வேண்டும், தொழில் வேண்டும், கல்வி வேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். இவற்றோடு மற்றொன்றும் வேண்டும். தன் துன்பத்தையும் தன் பெருமையையும் தன் வாயாலேயே உலகுக்கு எடுத்துரைக்கும் ஆற்றலே அது. பிறர் எழுதிய வரலாற்றில் நாம் ஏவலராகவும் இரவலராகவும் மட்டுமே வந்து போனோம். நம் வரலாற்றை நாமே பாடவும் எழுதவும் தொடங்கிய நாளில்தான் நாம் அரசியலில் ஒரு குரலாக எண்ணப்பட்டோம். கலையும் அரசியலும் வெவ்வேறு எனச் சிலர் கூறுவர். ஒடுக்கப்பட்ட மக்களைப் பொறுத்தவரை அவ்வாறு பிரித்தல் இயலாது.

உலகின் வடகோடியில் பனி சூழ்ந்த கிரீன்லாந்தில் இனூயிட் எனும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். நெடுங்காலம் டென்மார்க் நாட்டின் ஆட்சியில் இருந்த அவர்களுக்கு 1979-ஆம் ஆண்டில் உள்நாட்டுத் தன்னாட்சி கிட்டியது. அந்த முதல் அமைச்சரவையில் கல்வி, பண்பாட்டுத் துறைகளை ஏற்றவர் தூ கிறிஸ்டியான்சன் என்பவர். அவர் ஓர் ஆசிரியர். ஓவியக் கலைஞரும் ஆவார். 1985-இல் அந்நாடு ஏற்றுக்கொண்ட கொடியை வரைந்து தந்தவரும் அவரே. தம் மக்களுக்கு ஒரு கொடியைத் தந்த கை, தூரிகை பிடித்த கை என்பது எண்ணி மகிழத்தக்கது.

அத்தகைய ஒருவர் நம் நாட்டிலும், நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட மக்களிடையிலும், நம்மைப் போன்றே பஞ்சு நூலை நம்பிப் பிழைத்தோரிடையிலும் தோன்றினார். அவரே மராட்டிய நாட்டின் அண்ணாபாவ் சாட்டே. அவர் அமைச்சராகவில்லை, சட்டமன்றத்திலும் அமரவில்லை. ஆயினும் அவர் பாடினால் ஆலைகளின் வாயிலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர், அரசாங்கம் அஞ்சியது. அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. இராஜா, எல்.சி. குருசாமி, சுவாமி சகஜானந்தர் ஆகியோரை நம் கூட்டங்களில் நாம் நினைவுகூர்கிறோம். அப்பெருமக்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்க இவரைத் தமிழ் இளைஞர்கள் அவ்வளவாக அறியார். நம் கல்விக் கழகத்தின் இவ்வெள்ளிவிழா மலரில் அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததன் காரணம் இதுவே.

பிறப்பும் குலநிலையும்

அண்ணாபாவ் 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் வாட்டேகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்றைய சாங்கலி மாவட்டத்தில் வாரணா ஆற்றுப் பகுதியில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் துக்காராம். தந்தையார் பாவ்ராவ், தாயார் வாலுபாய்.

அவர் பிறந்த குலம் மாங் அல்லது மாதங் எனப்படும். கயிறு திரித்தல், ஊர்க்காவல், விழாக்களில் பறை முழக்குதல் ஆகியவை அக்குலத்தார்க்கு ஊர் விதித்த தொழில்கள். ஊருக்கு வெளியே குடியிருப்பு. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லை. சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்களின் மேளம் வேண்டும். விழா முடிந்தால் மேளம் அடித்தவன் எட்டி நிற்க வேண்டும். இந்நிலை நமக்குப் புதியதன்று. பறையும் தவிலும் முழக்கிய நம் முன்னோர் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பட்ட பாடும் இதுவேயன்றோ?

இதற்கு மேலும் ஒரு கொடுமை இருந்தது. 1871-இல் வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் பல குலத்தாரைப் பிறவிக் குற்றவாளிகள் எனக் குறித்தது. பம்பாய் மாகாணத்தில் மாங் குலத்தாரும் அதன் பிடியில் சிக்கினர். களவு எங்கு நடந்தாலும் முதலில் அவர்கள் வீட்டுக் கதவே தட்டப்படும். நாள்தோறும் அதிகாரியின்முன் நின்று வருகைப்பதிவு தர வேண்டும். தமிழகத்திலும் கள்ளர், குறவர் உள்ளிட்ட பலர் இச்சட்டத்தால் துன்புற்றதை நாம் அறிவோம். விடுதலைக்குப் பின், 1952-இல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது.

ஒன்றரை நாள் பள்ளி

சிறுவன் துக்காராம் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே தனியே உட்கார வைக்கப்பட்டான். ஆசிரியரின் இழிசொல்லும் அடியும் கிடைத்தன. ஒன்றரை நாளில் பள்ளியை விட்டு வெளியேறினான் என்றே அவர் வரலாறு கூறுவோர் பலர் குறிக்கின்றனர். அவர் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவே.

ஆனால் ஊரில் வேறொரு கல்வி கிடைத்தது. உறவினர் ஒருவர் தமாஷா குழு நடத்தி வந்தார். பாட்டும் ஆட்டமும் நகையாடலும் கலந்த மராட்டியத் தெருக்கூத்தே தமாஷா. ஒரு தலைவனின் வீரத்தை டப்பு இசைக்கருவி முழங்க நெடும்பாட்டாகப் பாடுவது போவாடா. லாவணியைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சைக்கு வந்து, காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பாடும் வழக்காக நம்மிடையே நிலைத்தது அது. இம்மூன்றையும் செவிவழியாகவே அச்சிறுவன் கற்றான்.

பம்பாய்க்கு நடை

1931-ஆம் ஆண்டளவில் வறட்சி வாட்டியது. குடும்பம் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் புறப்பட்டது. இரயிலுக்குக் காசு இல்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை, வழியில் கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே, ஏறத்தாழ ஆறு மாத காலம் நடந்து கடந்தனர்.

பம்பாயில் அவர் செய்யாத வேலை இல்லை எனலாம். நிலக்கரி சுமந்தார், மூட்டை தூக்கினார், பணக்காரர் வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டார், திரைப்படக் கொட்டகையில் வாயில் காத்தார், பஞ்சாலையில் உழைத்தார். கடைகளின் பெயர்ப்பலகைகளையும் திரைப்பட விளம்பரங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றார். பள்ளி மூடிய கதவைத் தெரு திறந்துவிட்டது.

ஆலைக்குள்ளும் தீண்டாமை

திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நாம் அக்காலப் பம்பாய் ஆலைகளைப் பற்றி ஒரு செய்தியை அறிந்துகொள்ள வேண்டும். நகரம் சாதியை அழித்துவிடும், இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று நம்பிப் பலர் அங்கே சென்றனர். ஆலைக்குள் நூற்புப் பகுதியில்தான் அவர்களுக்கு வேலை கிடைத்தது. கூலி மிகுந்த நெசவுப் பகுதிக்குள் அவர்கள் நுழைய முடியவில்லை. காரணம் யாது? நாடாவில் புதுத் தார் மாற்றும்போது நூல் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்போமா என்று மற்றத் தொழிலாளர் மறுத்தனர். ஒரே முதலாளியிடம் கூலி வாங்கியோர், ஒரே கொடியின்கீழ்ப் போராடியோர், நாடாவின் துளையில் மட்டும் சாதி பார்த்தனர்! 1928-ஆம் ஆண்டின் பெருவேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இக்கேள்வியை எழுப்பினார். நெசவுப் பகுதியில் எம் மக்களுக்கு இடம் உண்டா, இல்லையா என்று தொழிற்சங்கத் தலைவர்களை நேரில் கேட்டார்.

அண்ணாபாவ் பம்பாயில் கண்ட உலகம் இது. ஒருபுறம் முதலாளியின் சுரண்டல், மறுபுறம் சகத் தொழிலாளியின் சாதிச் செருக்கு. இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்த்தாலன்றி விடிவில்லை என்னும் உணர்வு அவர் எழுத்து முழுவதிலும் ஓடுவதற்கு இதுவே அடிப்படை.

செங்கொடிக் கலைக்குழு

மாட்டுங்கா தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த காலத்தில் அவர் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். கட்சி அவருக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது. அவர் கட்சிக்குப் பாடக் கற்றுக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராடு நகரத்து மக்கள் இட்லரின் படையை எதிர்த்து நின்றதை அவர் போவாடாவாகப் பாடினார். சிவாஜியின் வீரத்தைப் பாடிய மெட்டில், உருசிய நாட்டு உழைப்பாளரின் வீரத்தைக் கேட்ட மராட்டிய ஆலைத் தொழிலாளர் வியந்தனர். வங்கப் பஞ்சத்தைப் பற்றியும் பாடினார். கற்றோர் கட்டுரையாக எழுதினால் நூறு பேர் படிக்கும் செய்தி, அவர் பாட்டாகப் பாடும்போது எழுதப் படிக்கத் தெரியாத பல்லாயிரவரைச் சென்றடைந்தது.

1944-இல் அமர் ஷேக், தத்தா கவாண்கர் ஆகிய இரு தோழர்களுடன் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக், அதாவது செங்கொடிக் கலைக்குழு, என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஆலை வாயில், தொழிலாளர் குடியிருப்பு, உழவர் மாநாடு என அக்குழு செல்லாத இடமில்லை.

அண்ணாபாவின் பெருஞ்செயல் ஒன்றை இங்கே சிறப்பாகக் குறிக்க வேண்டும். பழைய தமாஷாவில் பிள்ளையார் வணக்கம் முதலில் வரும்; பின்னர்க் கண்ணனும் ஆய்ச்சியரும் வருவர்; இடையிடையே சிற்றின்பச் சுவை மிகுந்த நகையாடல் நிகழும். ஆடிப் பாடியோர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர். கண்டு களித்தோர் ஊர்ப் பெரியவர்கள். அண்ணாபாவ் மேடையை மாற்றவில்லை, மெட்டை மாற்றவில்லை, பொருளை மாற்றினார். தாய்மண்ணை முதலில் வணங்கினார். கண்ணனுக்கும் ஆய்ச்சியர்க்கும் பதிலாக வட்டிக்காரனும் குத்தகை உழவனும், முதலாளியும் தொழிலாளியும் மேடையேறினர். மேல்சாதியார் பொழுதுபோக்குக்காக ஆடிய கூத்து, ஆடுவோரின் வாழ்வையே பேசலாயிற்று.

1940-களின் இறுதியில் பம்பாய் அரசாங்கம் தமாஷாவுக்குத் தடை விதித்தது. கலைக்குழுவும் தடைக்கு உள்ளாயிற்று. அண்ணாபாவ் சோர்ந்துவிடவில்லை. தம் கூத்துக்கு லோக்நாட்டியம், அதாவது மக்கள் நாடகம், என்று பெயரிட்டு மீண்டும் மேடையேறினார். அப்பெயரே இன்றுவரை மராட்டியத்தில் நிலைத்துவிட்டது.

மாநிலம் பிறந்த போராட்டம்

1950-களில் மராட்டி பேசும் மக்கள் அனைவரும் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு ஒரே மாநிலமாக வாழ வேண்டும் என்னும் இயக்கம் எழுந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவ்வியக்கத்தின் குரலாக விளங்கியோருள் முதன்மையானவர் அண்ணாபாவ். பிழைப்புக்காகப் பம்பாய்க்கு வந்த கணவன், ஊரில் விட்டுவந்த மனைவி மைனாவை எண்ணி வருந்துவதாக அமைந்த அவருடைய லாவணி ஒன்று அக்காலத்தில் மராட்டியம் எங்கும் ஒலித்தது. கேட்போர்க்கு முதலில் அது காதற்பாட்டு. பின்னர், மாநிலத்தோடு சேராமல் பிரிந்து நிற்கும் மராட்டிப் பகுதிகளே அம்மைனா என்பது விளங்கும். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்த ஒவ்வொரு தொழிலாளியின் சொந்தத் துயரமும் அரசியலோடு இணைந்ததால் அப்பாட்டு அத்துணை வலிமை பெற்றது. 1960 மே முதல் நாள் மகாராட்டிர மாநிலம் பிறந்தது.

எழுத்துப் பணி

ஒன்றரை நாள் பள்ளி சென்ற அவர் முப்பத்தைந்து நாவல்களை எழுதினார். சிறுகதைத் தொகுதிகள், நாடகங்கள், போவாடாக்கள் என மேலும் பல உள. அவற்றுள் சில திரைப்படங்களாயின. தமாஷாவில் ஆடும் பெண்களின் துயரத்தை ‘வைஜயந்தா’ நாவல் பேசுகிறது.

1959-இல் வெளிவந்த ‘பக்கீரா’ அவருடைய நாவல்களுள் தலையாயது. பக்கீரா மாங் குலத்தில் தோன்றிய வீரன். பஞ்ச காலத்தில் மக்கள் பசியால் மடிவதைக் காணப் பொறாமல் செல்வர்களின் தானியத்தைக் கவர்ந்து பகிர்ந்தளிக்கிறான். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நிற்கிறான். இறுதியில் அவனைப் பிடிக்க இயலாத அதிகாரிகள் அவன் மக்களைச் சிறைப்பிடிக்க, அவர்களைக் காப்பதற்காகத் தானே வந்து சரணடைகிறான். அரசாங்கத்தின் ஏட்டில் ‘பிறவிக் குற்றவாளி’ என்று எழுதப்பட்ட குலத்தின் கதையை, அக்குலத்தில் பிறந்தவனே விடுதலை வீரனின் கதையாக எழுதினான். ஏட்டை ஏட்டால் வென்றான் எனலாம். இந்நாவலை அவர் டாக்டர் அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். 1961-இல் இதற்கு மாநில அரசின் பரிசு கிடைத்தது.

சிறுகதைகளுள் ‘சுடுகாட்டுத் தங்கம்’ என்று நாம் தமிழில் பெயரிடத்தக்க ஒன்றைப் பற்றிச் சில சொற்கள். வாரணா ஆற்றங்கரையிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வரும் பீமா, மலைபோன்ற உடல் வலிமை உடையவன். கல்லுடைக்கும் குழியில் வேலை கிடைக்கிறது. சில நாளில் குழி மூடப்படுகிறது. வேலையின்றித் திரும்பும் அவனுக்குச் சுடலைச் சாம்பலில் சிறிது தங்கம் அகப்படுகிறது. அன்றுமுதல் பிணங்களில் தங்கம் தேடுவதே தொழிலாகிறது. ஓர் இரவு, நரிகளோடு போராடி ஒரு பிணத்தின் வாயில் விரலை விடுகிறான், தாடை இறுகிக்கொள்கிறது. அவ்விரல்களை இழந்து கிடக்கும்போதுதான் மூடிய கற்குழியில் மீண்டும் வேலை தொடங்கிய செய்தி வருகிறது. மலையை உடைத்த கை பயனற்றுப் போயிற்றே என்று பீமா சிறு குழந்தைபோல் அழுகிறான். அவனை ஆசிரியர் ஓரிடத்திலும் பழிக்கவில்லை. உழைக்க முன்வந்த கைக்கு வேலை தராத உலகமே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

உலகைத் தாங்கும் கை

1958-ஆம் ஆண்டு பம்பாயில் முதல் தலித் இலக்கிய மாநாடு கூடியது. அதனைத் தொடங்கிவைத்து உரையாற்றியவர் அண்ணாபாவ். பூமியை ஆதிசேடன் தன் தலையில் தாங்குவதாகக் கூறுவது புராணம். உண்மையில் அது தாழ்த்தப்பட்டோர், உழைப்பாளர் ஆகியோரின் கைகளிலேயே நிற்கிறது என்னும் கருத்தை அவர் அங்கே முழங்கினார். மராட்டியத்தில் பின்னாளில் பெருகிய தலித் இலக்கியத்திற்கு அவ்வுரை ஒரு வாயில் எனக் கருதப்படுகிறது.

மார்க்சியத்தைக் கற்ற அவர் அம்பேத்கரை விலக்கவில்லை. 1956-இல் அம்பேத்கர் மறைந்த பின், அவர் விட்டுச் சென்ற கடமையை நினைவூட்டிப் பாடல் ஒன்று இயற்றினார். இவ்விரு வழிகளுக்கிடையே பூசல் மிகுந்திருந்த காலத்தில் இரண்டையும் தம் நெஞ்சில் ஏற்ற அவரை, இரு தரப்பிலும் சிலர் முழுமையாக ஏற்கவில்லை. பசியும் இழிவும் ஒரே உடலில்தான் வருத்துகின்றன என்பதைப் பட்டறிந்தவர்க்கு அவற்றைப் பிரித்துக் காண்பது எளிதன்று.

1961-இல் சோவியத் நாட்டிற்குச் சென்று வந்தார். அங்கே அவர் படைப்புகள் முன்னரே மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. பம்பாய்ச் சேரியில் வாழ்ந்தவரை மாஸ்கோ நகரத்தார் எழுத்தாளராக வரவேற்றனர். அப்பயணத்தையும் நூலாக எழுதினார்.

இறுதிக் காலமும் பின்வந்த புகழும்

அவருடைய வாழ்வின் முடிவு இன்பமானதன்று. புகழ் பெற்ற பின்னரும் காட்கோபரில் சிராக் நகர் என்னும் சேரியிலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் எழுத்தால் வந்த பொருள் அவர் கையில் தங்கவில்லை. வறுமையும் தனிமையும் மதுவும் உடலைக் கெடுத்தன. 1969 ஜூலை 18-இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

பின்னர் அவர் பெயரால் சிலைகள் எழுந்தன. 1985-இல் மகாராட்டிர அரசு, மாதங் குலத்தாரும் அவர்களைச் சார்ந்தோரும் முன்னேற அவர் பெயரில் ஒரு வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. 2002-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. 2022-இல் மாஸ்கோவிலும் அவர் சிலை திறக்கப்பட்டது. இவையெல்லாம் மகிழத்தக்கனவே. ஆயினும் உயிரோடு இருந்தபோது நல்ல வீடும் மருத்துவமும் தராத சமுதாயம், மறைந்தபின் மாலை சூட்டுவதை நாம் சற்று நிதானமாகவே நோக்க வேண்டும். நம்மிடையே வாழும் கலைஞர்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்குரிய பாடம்

இளைஞர்களே! அண்ணாபாவின் வரலாற்றைக் கேட்டு, பள்ளி செல்லாமலே ஒருவர் பேரெழுத்தாளர் ஆனாரே, பின்னர்ப் பள்ளி எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். வாரக் கூலியின் மீது கண் வைத்து, பத்தாம் வகுப்பை எட்டுமுன்னே பனியன் கம்பெனியில் கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் பிள்ளைகளை அனுப்பிய வழக்கம் இவ்வட்டாரத்தில் நெடுநாள் இருந்தது. அவ்வழக்கத்துக்குத் துணையாக இவ்வரலாற்றை எவரும் எடுத்தாளக் கூடாது. அண்ணாபாவ் பள்ளியை வெறுத்து வெளியேறவில்லை. பள்ளி அவரை வெளியேற்றியது. கதவு மூடப்பட்டதால்தான் பெயர்ப்பலகையில் எழுத்தைத் தேட நேர்ந்தது. அவரொருவர் மூடிய கதவைத் தாண்டி வந்தார். அதே கதவின்முன் நின்று திரும்பிப் போன ஆயிரம் துக்காராம்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. அத்தகைய ஒரு பிள்ளையும் இனித் திரும்பிப் போகக் கூடாது என்பதே நம் கல்விக் கழகத்தின் நோக்கம்.

மற்றொன்று. பாட்டு நம் குலத்தாரிடம் எந்நாளும் இருந்தது, எழுத்துதான் மறுக்கப்பட்டது. பாட்டு மட்டும் இருந்த காலத்தில் அது பிறரை மகிழ்விக்கும் ஏவல் பணியாயிற்று. எழுத்தும் சேர்ந்தபோது அதே பாட்டு உரிமைக் குரலாயிற்று. அண்ணாபாவின் வாழ்வு முழுவதையும் இந்த ஒரு கருத்தில் அடக்கிவிடலாம்.

நெருப்பெரிச்சலிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் பண்ணையத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 1984-இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்தைக் கண்டவர்களும் உள்ளனர். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் உள்ளனர். பறையின் அடிவகைகளைக் கையால் அறிந்த முதியோர் உள்ளனர். இவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஏடு. எழுதக் கற்ற பேரன் பேத்தியர் அவர்கள் அருகில் அமர்ந்து, கேட்டதைக் கேட்டவாறே குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். பாட்டைப் பாடியவர் பெயரையும், ஊரையும், நாளையும் தவறாமல் குறிக்க வேண்டும். பட்டம் பெற்றவர்கள்தாம் இதனைச் செய்ய வேண்டும் என்பதில்லை. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யலாம்.

நம் கழகம் தன் வெள்ளிவிழாவைக் காண்கிறது. பொன்விழா மலர் வெளிவரும் நாளில், அதன் பக்கங்களில் நம் ஊர் வரலாறு நம் பிள்ளைகளின் கையெழுத்திலிருந்து அச்சேறியதாக இருக்கட்டும். அண்ணாபாவுக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.